கொருக்குப்பேட்டை மாடியில் பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடு

தண்ணீர் ஊற்றினால் எதுவும் நீர்த்துப்போகும்
என்றுதான் படித்திருந்தேன்.
இது அப்படியில்லை.
அமிலத்துக்குள் கண்ணாடியாக நின்ற பிஸ்மத்
தண்ணீர் பட்டதும்
வெள்ளை வெளேரென்று வந்து விழுகிறது,
லாரி ஹாரன் கேட்டுக்
குடத்தோடு இறங்கும் எங்கள் தெருவைப் போல.

கழுவி உலர்த்தினால் முத்துப் பொடி.
விரலில் தேய்த்தால் வழுக்கும்.
குளோரின், பிஸ்மத், ஆக்ஸிஜன், பிஸ்மத், குளோரின்:
இவ்வளவும் சேர்ந்து ஒரு தளம்.
மேலே அதே மாதிரி இன்னொன்று,
அதற்கும் மேலே இன்னொன்று.
தளத்துக்குள் பிடி இறுக்கம்.
தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே
சிமெண்ட் கிடையாது, லேசாகச் சாய்ந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
ஹவுசிங் போர்டில் வளர்ந்தவளுக்கு
இதைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

மேபல் அக்கா எம்.சி. ரோட்டில்
கல்யாணப் பெண்களுக்கு நகம் பூசுகிறாள்.
அவளுடைய முப்பத்தெட்டுக் குப்பிகளில்
பதினொன்றின் முதுகில்
எறும்பெழுத்தில் இதே பெயர்.
படபடக்கும் தகடுகள், ஒளி அடுக்கடுக்காய்த் திரும்பி
வெறும் நகம் கிளிஞ்சலாகிறது.
“பத்து வருஷமா நான் பூசிக்கினு கீறேன்,
நீ இப்பதான் கண்டுபுடிக்கிறியா?”
விஷமா என்று கேட்டாள்.
அட்டவணையில் காரீயத்துக்கு அடுத்த வீடு,
ஆனால் வேறு சுபாவம்,
வயிற்றுப்புண்ணுக்குக்கூட இதன் உறவுக்காரன் மருந்து என்றேன்.
“பக்கத்து வூட்ட வச்சு ஆள சொல்லக்கூடாது,
கரெக்ட்டு” என்று ஊதி உலர்த்தினாள்.

ஆய்வகத்தில் விளக்கு செத்துப்போய்
மூன்று வாரம். கொட்டேஷன் மேசை மாறி மேசை.
சித்திரை மாதம் சும்மா கிடக்கிறதே என்று
பீக்கரை மாடிக்குக் கொண்டுவந்தேன்.
உள்ளே ரோடமைன்,
பஞ்சு மிட்டாயில் தடை செய்தார்களே, அதே ரோஸ்.
கீழே ரயில்வே கேட்.
கேட்டில் மணியாட்டி விற்பவர்
இப்போதெல்லாம் வெள்ளை மட்டும் விற்கிறார்.

வெயிலில் நூற்றில் ஐந்து பங்குதான்
இந்தப் பொடிக்கு உறைக்கும். மற்றதற்கு அசையாது.
ஆனால் சாயம் சும்மா இருக்காது.
பச்சை ஒளியைக் குடித்துவிட்டுத்
தன் எலக்ட்ரானைத் தானே
பொடியின் கையில் கொடுத்துவிடும்.
பொடி அதை ஆக்ஸிஜனுக்குத் தள்ளும்.
வெறி பிடித்த ஆக்ஸிஜன் திரும்பி வந்து
சாயத்தையே கடிக்கும்.
கடன் வாங்கியவனிடம் அல்ல,
கொடுத்தவளிடம் வசூல்.

பத்து நிமிடம், இளம் ரோஸ்.
இருபது, குழந்தையின் ஈறு.
நாற்பதில் வெறும் தண்ணீர்,
அடியில் பொடி, துணி காயப்போட வந்த
கமருன்னிசா எட்டிப் பார்த்து
“கலர் எங்க போச்சு?” என்றார்.
போன இடத்தை விளக்க ஆரம்பித்தேன்.
அவர் க்ளிப்பைத் தேடப் போய்விட்டார்.

அந்தத் தெம்பில்தான் மறுநாள்
கேப்டன் காட்டன் கால்வாயில் கயிறு கட்டிப் பாட்டிலை இறக்கினேன்.
அதே பொடி, அதே ஐம்பது மில்லிகிராம், அதே வெயில்.
ஒரு மணி நேரம்.
இரண்டு.
கால்வாயில் சாயம் மட்டுமா இருக்கிறது?
சோப்பு, எண்ணெய், ஆஸ்பத்திரி, கோழிக்கடை,
பெயர் தெரியாத எத்தனையோ.
ஒளி உள்ளே இறங்க ஒரு விரற்கடை இடம் இல்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.
“இத்த மொதல்ல வடிகட்டுடி.
அழுக்கு நகத்துல எவளாவது பாலீஷ் போடுவாளா?”

நான்கு மணி நேரம் கழித்து
பொடியை வடித்தெடுத்தேன். சாம்பல் நிறம்.
மூன்று முறை கழுவியும்
விளிம்பில் மட்டும் கொஞ்சம் மினுக்கியது.
எடை நாற்பத்தேழு. மூன்று மில்லிகிராம் காணோம்,
காற்றாக இருக்கலாம், என் கை நடுக்கமாகவும்.

நோட்டில் எழுதினேன்:
நிறம் குறைந்தது ஆறு சதவீதம்.
மேகம் இல்லை.
கேட் ஒன்பது முறை மூடியது.
நாளைக்கு: முதலில் வடிகட்டவும் (மேபல்).